ஒரே பிடியில்

எங்கள் வீட்டுக் கிரைண்டர் கோயம்புத்தூரில் செய்தது. அதன் நடுத்தண்டைச் சுற்றியிருந்த பித்தளை புஷ் தேய்ந்துபோய், மாவரைக்கும்போதெல்லாம் கல் தள்ளாடத் தொடங்கியது. கொழும்பின் பஞ்சிகாவத்தையில் மோட்டார் வாகனத்தின் எந்தத் துண்டைக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். தோசைமா இயந்திரத்தின் துண்டை யார் வைத்திருப்பார்? வத்தளையிலேயே ஒரு லேத் கடையில் புதிதாகச் செய்யக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் புஷ் வந்தது. பார்க்கப் பொன் மோதிரம் போல இருந்தது. தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர். கலிப்பரை விட்டு அளந்தால் புஷ்ஷின் உள்விட்டம் 20.04. கொஞ்சம் திருப்பி அளந்தேன், 20.04. இன்னும் திருப்பினேன், அதே 20.04. எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்டைவிடப் பெரிய துளைதான். ஆனால் தண்டு உள்ளே போகவில்லை.

பெரியது சிறியதற்குள் போக மறுத்தால் புரிந்துகொள்ளலாம். சிறியது பெரியதற்குள் போக மறுத்தால்?

நீர்கொழும்பு வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இன்னொரு லேத் கடை இருக்கிறது. அங்கே கொண்டுபோனேன். இந்தப் பக்கம் கைவேலைக்காரரைப் பாஸ் என்றுதான் அழைப்போம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். அவர்கள் கட்டிய கோட்டைகளைவிட நன்றாக நிற்கிறது. பாஸ் புஷ்ஷை விரல் நுனிகளுக்கிடையே ஒருமுறை உருட்டினார்.

"சக்குக்குள்ள இருக்கும் மட்டும் இது வட்டமாத்தான் இருந்திருக்கும், தம்பி. கழற்றினதும் முக்கோணமாப் போச்சு."

லேத்தில் வேலைத் துண்டைக் கவ்விப் பிடிக்கும் அந்தச் சக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டுச் சீவுவதை நாம் 'கடைசல் பிடித்தல்' என்கிறோம். செதுக்குதல், சீவுதல், வெட்டுதல் என்று எத்தனையோ வினைகள் இருக்க, 'பிடித்தல்' ஏன் வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லாராய்ச்சிக்காரர் சொல்லட்டும். லேத்தின் முன்னால் அரைநாள் நின்றவருக்கு அதில் வியப்பிராது. வெட்டுவது உளி. அது சொன்னபடி வெட்டும். வேலை நல்லதா கெட்டதா என்பதை, உளி தொடுவதற்கு முன்னரே பிடி தீர்மானித்துவிடுகிறது.

'கடைதல்' என்ற பகுதியும் சும்மா வந்ததல்ல. தயிர் கடையும்போது மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறிமாறி இழுக்கிறோமே, பழைய கடைசல் பொறியும் அப்படித்தான் ஓடியது. மத்தின் இடத்தில் மரத்துண்டு. கயிற்றை இழுக்க ஆளோ வில்லோ. பாற்கடலைக் கடைந்த கதையில் வாசுகி என்ற கயிறு அறுந்துவிடவில்லை, இழுத்தவர்களும் ஓய்ந்துவிடவில்லை. முதலில் பழுதானது பிடிமானம். மந்தரமலை அமிழ்ந்தது, திருமால் ஆமையாகி அடியில் போய்த் தாங்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொன்னவர் ஏதாவது ஒரு கடைசல்காரரின் அயலில் குடியிருந்திருப்பார் என்பது என் ஊகம்.

இலங்கையில் இந்தப் பழைய தொழிலின் தொடர்ச்சியை அரக்கு வேலையில் பார்க்கலாம். சுழலும் மரத்தின் மேல் நிற அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இந்தக் கைவினைஞர்களையும் பதிந்து வைத்திருக்கிறார்.

கயிற்றுப் பொறியில் மரத்துண்டு இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே மாட்டப்பட்டிருக்கும். கட்டில் கால், தொட்டில் கம்பி, பம்பரம் எல்லாவற்றுக்கும் அது போதும். கிண்ணம் செய்ய வேண்டுமென்றால்தான் சிக்கல். உளி உள்ளே போக வேண்டிய வாய்ப்பக்கத்தில் ஒரு கூர்முனை குத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு முனையை விட்டுவிட்டு மற்ற முனையில் மட்டும் பிடித்தாக வேண்டும். அதற்குக் கண்ட வழி, துளையிட்ட ஒரு மரக்கட்டையைச் சுழலும் தண்டில் மாட்டி, வேலைத் துண்டை அந்தத் துளைக்குள் தட்டி இறுக்குவது. 'சக்' என்ற ஆங்கிலச் சொல்லே மரக்கட்டையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு கட்டை. நூறு அளவில் வேலை வந்தால் நூறு கட்டை.

இயந்திர யுகம் அந்தப் பொறுமையைத் தாங்கவில்லை. எங்கள் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1854இல் ஜோன் வாக்கர் கண்டியில் தொடங்கிய பட்டறை கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்தது. கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறியது. 1950களின் பிற்பகுதியில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் வந்தது. இன்று வத்தளை தொடங்கி நீர்கொழும்பு வரை கரையோர லேத் கடைகளில் படகின் ஷாஃப்ட் ஒன்று எண்ணெய் வடியக் கிடப்பதைக் காணலாம். காலையில் ஷாஃப்ட், மத்தியானம் பஸ்ஸின் கப்பி, பின்னேரம் என் கிரைண்டர் புஷ். மூன்றுக்கும் ஒரே பிடி வேண்டும்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சைமன் ஃபெயர்மன் 1840இல் காப்புரிமை பெற்ற சக் அந்தத் தேவைக்கு விடையானது. அவருடைய மருமகன் ஒஸ்டின் குஷ்மன் அதையே தொழிலாக்கி, ஹார்ட்ஃபோர்ட் நகரில் சக் செய்யும் கம்பெனி வைத்தார். இன்று உலகில் எந்த லேத் கடைக்குப் போனாலும் கண்ணில் படும் மூன்று தாடைச் சக் அந்த வழியில் வந்ததே.

அதன் வயிற்றுக்குள் இருப்பது ஒரு நுளம்புத்திரி. முத்துராஜவெல சதுப்பின் ஓரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அந்த வடிவத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரியில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி, நடுவிலும் ஓரத்திலும் ஒன்றேதான். சங்கின் சுருள் இப்படியல்ல. அது போகப்போக விரியும். இடைவெளி மாறாத சுருளைக் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் தனி நூலாகவே எழுதி ஆராய்ந்தார். ஒருமுறை சுற்றினால் எவ்வளவு தூரம் வெளியே போகுமோ, அடுத்த சுற்றிலும் அவ்வளவுதான் போகும்.

சக்கைத் திறந்தால் ஒரு வட்டத் தட்டு. முகத்தில் இந்தச் சுருள் மேடாக எழுந்திருக்கும், முதுகில் பற்சக்கரம். தாடைகள் மூன்றும் தத்தம் தவாளிப்பில் உட்கார்ந்து, தம் அடிப்பற்களால் சுருளைக் கவ்வியிருக்கும். சக்கின் விலாவில் சதுரத் துளை. அதில் சாவியைப் போட்டுத் திருகினால் தட்டு சுழலும். சுருள் நகரும். தாடைகள் பக்கவாட்டில் போக வழியில்லாததால் மையத்தை நோக்கி நெருங்கும், மூன்றும் ஒரே வேகத்தில், ஒரே தூரம். மூன்று புள்ளிகள் ஒரு வட்டத்தை முடிவுசெய்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இங்கே இரும்பாக நிற்கிறது. விரலளவு கம்பியோ கைப்பிடியளவு குழாயோ, நடுவைத் தேட வேண்டியதில்லை. தானாக வந்து நிற்கும்.

ஆனால் மூன்று தாடைகளும் ஒன்றுபோல் இல்லை. ஒரு கணத்தில் சுருளை நிறுத்திப் பாருங்கள். முதல் தாடை நிற்கும் இடத்தில் அது மையத்திலிருந்து ஒரு தூரத்தில் இருக்கும். மூன்றிலொரு சுற்றுத் தள்ளி, இரண்டாம் தாடையிருக்கும் இடத்தில், மூன்றிலொரு இடைவெளி விலகியிருக்கும். அதனால் ஒவ்வொரு தாடையின் பற்களும் அந்த மூன்றிலொரு பங்கு முன்பின்னாக வெட்டப்பட்டிருக்கின்றன. 1, 2, 3 என்று இலக்கமும் பொறித்திருப்பார்கள். தாடைகளைக் கழற்றிப் பூட்டும்போது, சுருளின் தொடக்க முனை முதல் தவாளிப்பில் எட்டிப்பார்க்கும் வரை காத்திருந்து 1ஐத் தள்ள வேண்டும், அது நகர்ந்து வர 2, பிறகு 3. வரிசை மாறினால் தாடைகள் கோணலாகச் சந்திக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எல்லாரும் ஒருநாள் இந்தத் தவறைச் செய்து ஏச்சு வாங்கியிருப்பார்கள்.

பிடியின் வலுவையும் ஒரு கணக்கில் பார்ப்போம். சாவியை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் தாடை 2 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். சாவியின் கை மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால், நம் கை போகும் தூரம் ஏறக்குறைய 628 மில்லிமீட்டர். முந்நூறு மடங்குக்கும் மேல். உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றாலும் மிச்சம் இருப்பது மனிதக் கைக்கு அடங்காத பிடி.

அந்தப் பிடியைச் சுழற்சி மெல்லக் களவெடுக்கும். தாடைகள் கனமானவை, சுழலும்போது வெளியே ஓடப் பார்க்கும். அரைக் கிலோ தாடை மையத்திலிருந்து 6 சென்டிமீட்டரில் இருந்து, நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழன்றால் 33 கிலோ எடை வெளியே இழுப்பதற்குச் சமம். வேகம் 2000 ஆனால் அது இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகி 130 கிலோவைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தாடைக்கும் அவ்வளவு. நின்றபோது நன்றாக இறுகியிருந்த துண்டு ஓடும்போது பறப்பது இப்படித்தான். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுவது இதைவிடக் கொடியது. சாவி சன்னம்போல் பாயும். சாவி சக்கில் இருக்கும் வரை கை சாவியில் இருக்க வேண்டும் என்பதுதான் நல்ல பாஸ்மாரின் முதற் பாடம்.

இவ்வளவு சாமர்த்தியமும் உள்ள மூன்று தாடைச் சக் பொய்யும் சொல்லும். சுருளின் உள்வளைவு இறுக்கம், வெளிவளைவு தளர்வு. இரண்டிலும் ஓட வேண்டிய தாடைப் பல் எதிலும் முழுதாகப் பொருந்தாது, கோடுபோலத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். தொடும் இடம் தேயும். தினமும் ஒரே அளவு வேலை வந்தால் சுருளின் அந்தப் பகுதி மட்டும் தேயும். நல்ல சக்கே 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை நடுவை விட்டு ஆடும். ஒரு தலைமயிரின் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் சோடா டின்னை வெட்டி ஒரு தாடைக்கும் வேலைக்கும் நடுவே செருகுவதைப் பார்த்திருக்கிறேன். டின்னின் சுவரும் கிட்டத்தட்ட 0.1 மில்லிமீட்டர்தான்.

மயிரிழையும் பிசகக்கூடாது என்றால் நான்கு தாடைச் சக்கை மாட்டுவார்கள். அதில் சுருள் கிடையாது. நான்குக்கும் தனித்தனித் திருகாணி, ஒன்றின் போக்கு மற்றதற்குத் தெரியாது. நடுவை ஆள்தான் தேட வேண்டும். டயல் கேஜின் ஊசியை வேலையில் தொடவைத்து, சக்கைக் கையால் மெல்லச் சுற்றுவார் பாஸ். ஊசி 40 கோடு ஆடினால் மையம் 20 கோடு விலகியிருக்கிறது. ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த்தாடையை இறுக்குவார். பழகிய கைக்குச் சில நிமிடம். எனக்கென்றால் ஒரு போயா நாள் முழுதும் போகும். ஆனால் சதுரத்தையும் கோணல்மாணலான வார்ப்பிரும்பையும் இதில் பிடிக்கலாம். வேண்டுமென்றே நடுவை விட்டுத் தள்ளியும் பிடிக்கலாம். மையம் தப்பிய உருளைகள் பிறப்பது அப்படித்தான்.

இனி என் புஷ்ஷுக்கு வருவோம். முதற் கடையில் பித்தளைக் குழாய்த் துண்டொன்றை எடுத்து மூன்று தாடையில் இறுக்கி உள்ளே குடைந்திருக்கிறார்கள். சுவரின் கனம் நாணயத்தளவு. தாடைகள் அழுத்திய மூன்று இடங்களும் கொஞ்சம் உள்ளே அமுங்கின, நடுவிடங்கள் வெளியே உப்பின. அந்த நிலையில் உளி குடைந்த துளை உண்மையான வட்டம். தாடைகளைத் தளர்த்தியதும் பித்தளை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. அமுங்கிய இடங்கள் வெளியே போயின, உப்பிய இடங்கள் உள்ளே வந்தன. வெளிச்சுவர் வட்டமாக, உள்ளே இருந்த வட்டம் மூன்று மூலையானது.

கலிப்பர் ஏன் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை? கலிப்பர் எதிரெதிர் இரண்டு புள்ளிகளைத்தான் தொடும். மூன்று மூலை வடிவத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நேரெதிரே இருப்பது ஒரு பள்ளம். ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடிவிடும். கூட்டுத்தொகை எங்கும் ஒன்றே. எத்திசையில் அளந்தாலும் 20.04. ஆனால் தண்டு முழு வட்டம். மூன்று மேடுகளும் ஒருசேர அதை மறிக்கின்றன. மேடு ஒவ்வொன்றும் 0.03 மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தாலே உள்ளே நிற்கக்கூடிய வட்டம் 19.98 ஆகச் சுருங்கிவிடும். தண்டு 20.

பாஸ் குழாயைத் தொடவில்லை. மூலையிலிருந்து ஒரு முழுப் பித்தளைக் கம்பியை எடுத்து, அதே மூன்று தாடைச் சக்கில், தேவைக்கு மேலேயே நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பிடித்தார். சக் பழசு, கம்பி ஆடியது எனக்கே தெரிந்தது. அவர் கவலைப்படவில்லை. வெளியே சீவினார், துளையிட்டார், உள்ளே குடைந்தார். கம்பி எவ்வளவு ஆடினாலும், உளி புதிதாக வெட்டும் பரப்பு லேத்தின் சுழல் அச்சையே மையமாகக் கொள்ளும். பிடியைத் தளர்த்தாத வரை உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையம். கழற்றித் திரும்பப் பிடித்த கணத்தில்தான் சக்கின் பொய் வேலைக்குள் நுழையும். தாடை கவ்வியிருந்தது முழுக் கம்பியை, அதனால் நசுங்கவும் ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு மெல்லிய உளியால் அறுத்து, புஷ்ஷைச் சூட்டோடு என் உள்ளங்கையில் போட்டார்.

"எல்லாம் ஒரே பிடியில, தம்பி."

தண்டு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நீங்களும் எப்போதாவது லேத் கடையில் புஷ் செய்யக் கொடுத்தால், விட்டத்தைச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். குழாயிலா கம்பியிலா எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.