வரும் ஆண்டின் வணிகமும் வாவியின் இரு கரைகளும்

ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தை மூடிப் புதியதைத் திறப்பது வணிகர்களின் வழமை. பெரிய நிறுவனங்கள் இக்காலத்திலேயே வரும் ஆண்டுக்கான வணிக உபாயங்களை வகுத்துக்கொள்கின்றன. தலைநகரில் அதற்கெனக் கருத்தரங்குகளும் நடைபெறுகின்றன. ஆனால் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்து வாழும் கடைக்காரர், நெல் வியாபாரி, மீன் முதலாளி, நெசவாளர் ஆகியோர் தமது அடுத்த ஆண்டை எவ்வாறு திட்டமிடலாம் என்பது பேசப்படுவது அரிது. அதனைச் சற்று விளக்க முற்படுவது நமது கடமை எனக் கருதுகின்றோம்.

சுமார் 56 கிலோமீற்றர் நீளமுள்ள இவ்வாவி, எழுவான்கரை, படுவான்கரை என இரு கரைகளாக இப்பிரதேசத்தைப் பிரித்து நிற்கிறது. படுவான்கரை நெல்லும் பாலும் விளையும் பூமி. எழுவான்கரையில் மட்டக்களப்பு நகரும், காத்தான்குடி, ஏறாவூர் போன்ற வணிக ஊர்களும் அமைந்துள்ளன. தமிழ் விவசாயியின் நெல்லை முஸ்லிம் வியாபாரி வாங்குவதும், அவ்வியாபாரியின் கடையில் விவசாயி துணிமணி எடுப்பதும் தலைமுறைகளாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கல். அரசியல்வாதிகள் ஒற்றுமை குறித்து மேடையில் பேசுமுன்னரே சந்தை அதனை நடைமுறைப்படுத்தியிருந்தது எனலாம்.

இனி, வரும் ஆண்டின் வணிகத்தைத் தீர்மானிக்கவிருக்கும் போக்குகளைப் பார்ப்போம்.

முதலாவது, கடன். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலரின் பெறுமதி, இரண்டு மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதமாக உயர்ந்தது. கொப்பிக் கணக்கில் பொருள் கொடுத்த கடைக்காரர்களுக்குப் பணம் திரும்பி வந்தபோது, அதே அளவு பொருளை மீண்டும் வாங்க அப்பணம் போதவில்லை. அதன் பின்னர் நிலைமை சீரடைந்து, 2025 மே மாதத்தில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை 7.75 வீதமாகக் குறைத்தது. ஆயினும் வங்கியின் கதவைத் தட்டுபவரிடம் எழுத்துமூலமான கணக்கு கேட்கப்படுகிறது. கணக்கு இல்லாதவர் மீண்டும் வட்டிக்காரரிடமே செல்ல நேரிடும். நுண்கடன் சுமையால் நமது கிராமப் பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வரும் அளவுக்கு அச்சுமை பெருகியிருந்தது.

இரண்டாவது, வரி. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்த்தப்பட்டது. அத்துடன் வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. அதனை 2026 ஏப்ரல் முதல் 36 மில்லியனாகக் குறைப்பதாக 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 36 மில்லியன் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபா விற்பனை. இது இலாபம் அன்று. கல்லாப்பெட்டிக்கு வரும் மொத்தப் பணம். நமது பிரதான வீதிகளில் இத்தொகைக்கு விற்கும் புடைவைக் கடைகளும் மொத்த விற்பனை நிலையங்களும் பல. எனவே பெரிய கம்பனிகளின் விவகாரம் என்று ஒதுக்கிவைத்திருந்த வரி, நடுத்தர வணிகரின் வாசலுக்கு வந்துவிட்டது. பற்றுச்சீட்டு கொடுத்தும் பெற்றும் பழகாதவர்கள், வாங்கும்போது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் இரட்டைச் சுமையைத் தாங்குவர்.

மூன்றாவது, கையடக்கத் தொலைபேசி. மத்திய வங்கி 2018 இல் வகுத்த லங்கா கியூஆர் தரத்தின் மூலம், வெவ்வேறு வங்கிகளின் வாடிக்கையாளர் ஒரே குறியீட்டைப் படம்பிடித்துப் பணம் செலுத்த முடிகிறது. இதனால் கடைக்காரருக்கு இரு நன்மைகள் உண்டு. சில்லறைத் தட்டுப்பாடு நீங்குவது ஒன்று. விற்பனை தானாகவே பதிவாகி, வங்கியிடம் காட்டத்தக்க சான்றாக அமைவது மற்றொன்று. அதேவேளை, முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் விற்கும் கொழும்பு வணிகர்கள் நமது கிராமங்களின் வீட்டு வாசலுக்கே பொருளை அனுப்புகின்றனர். நம்மவர் அந்த வாய்ப்பை மறுதிசையிலும் பயன்படுத்தலாம். காத்தான்குடி நெசவும் மட்டக்களப்புத் தயிரும் வெளியூர் வாடிக்கையாளரைத் தேடிச் செல்வதற்கு இன்று கொழும்பில் கடை திறக்க வேண்டியதில்லை.

நான்காவது, இயற்கை. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட பிரதேசம் இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600 க்கு மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. வீதிகளும் இருப்புப்பாதைகளும் துண்டிக்கப்பட்டதால் பொருள் வரத்து தடைப்பட்டது. மாரிகாலத்துக்கு வேண்டிய சரக்கை எவ்வளவு முன்கூட்டியே, எந்த உயரமான இடத்தில் சேமிப்பது என்பதும் இனி வணிகத் திட்டத்தின் ஓர் அங்கமாகும். காப்புறுதியும் அவ்வாறே.

ஐந்தாவதும் மிக முக்கியமானதும், நமது விளைபொருளுக்கு நாமே பெறுமதி சேர்ப்பது. 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தும் சபை நாட்டு நெல்லைக் கிலோ 120 ரூபாவுக்குக் கொள்வனவு செய்வதாக அறிவித்தது. அக்காலத்தில் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. ஒரு கிலோ அரிசிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். அதன் விலை 180 ரூபா. எஞ்சும் 50 ரூபாவும், உமி, தவிட்டின் வருமானமும் ஆலைக்கும் லொறிக்கும் மொத்த வியாபாரிக்கும் உரியவை. நமது நெல்லில் பெரும்பங்கு பொலன்னறுவை ஆலைகளுக்குச் சென்று, பொதிசெய்த அரிசியாக நமது கடைகளுக்கே திரும்புகிறது. விளைச்சல் நமது, அந்த 50 ரூபா பிறருடையது. மீனிலும் பாலிலும் நிலைமை இதுவே. பெறுமதி சேர் வரி வந்துவிட்ட பிரதேசத்துக்குப் பெறுமதி சேர்க்கும் தொழில் போதியளவு வந்து சேரவில்லை.

இதனைத் தனியொருவர் மாற்ற முடியாது. ஆலைக்கு முதலீடு வேண்டும். முதலீட்டுக்கு நிச்சயமான நெல் வரத்து வேண்டும். நெல் படுவான்கரைத் தமிழ் விவசாயிகளிடம் உள்ளது. முதலும் சந்தைத் தொடர்பும் பெருமளவில் எழுவான்கரை வணிகர்களிடம் உள்ளன. ஹலால் சான்றிதழுடன் மாலைதீவுக்கோ வளைகுடாவுக்கோ பதப்படுத்திய மீனையும் பாற்பொருளையும் அனுப்புவதாயின், சான்றிதழ் முறையை அறிந்த முஸ்லிம் வணிகரும் மூலப்பொருளைத் தரும் தமிழ் உற்பத்தியாளரும் ஒருவருக்கொருவர் தேவைப்படுவர்.

இங்குதான் நமது பிரதேசத்துக்கேயுரிய சிக்கல் எழுகின்றது. 1990 இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகள் உயிர்களுடன் நம்பிக்கையையும் பறித்தன. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி மற்றைய கரையின் வணிகத்திலிருந்து விலகியே இருந்தது. 2014 இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம், படகுப்பாதையை நம்பியிருந்த மக்களை எழுவான்கரையுடன் இணைத்தது. ஆனால் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், மற்றவர் கடையில் வாங்காதீர் என்ற குரல்கள் மீண்டும் ஒலித்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் சனத்தொகை 5,26,567. அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். ஏனையோரில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். இந்தச் சிறிய சந்தையை இரண்டாகப் பிளந்தால் ஓர் ஆலைக்கோ குளிரூட்டும் களஞ்சியத்துக்கோ போதிய வணிகம் எந்தப் பக்கத்திலும் எஞ்சாது. பகிஷ்கரிப்பால் இலாபமடைவது, இரு கரைக்கும் சொந்தமற்ற பெரிய சங்கிலிக் கடைகளே.

நாட்காட்டியும் இவ்வுண்மையை உணர்த்துகிறது. நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னோக்கி வருகிறது. 2024 இல் அது சித்திரைப் புத்தாண்டுக்கு நெருக்கமாக ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வந்தது. இனிவரும் சில ஆண்டுகளில் அது பெரும்போக அறுவடைக் காலத்தை ஒட்டி, மெல்ல மெல்லத் தைப்பொங்கலை நோக்கி நகரவிருக்கிறது. நெல் விற்ற பணம் கிராமத்தில் புழங்கும் வேளையிலேயே பெருநாள் வியாபாரமும் நடைபெறும். நெல்லுக்கு உரிய விலை கிடைத்தால் புடைவைக் கடையின் வியாபாரமும் சிறக்கும். விவசாயி ஏமாற்றப்பட்டால் கடைக்காரரின் சரக்கும் தேங்கும்.

எனவே வரும் ஆண்டுக்கென நாம் முன்வைக்கும் யோசனைகள் எளியவை. ஒவ்வொரு வணிகரும் விற்பனையையும் கொள்வனவையும் நாள்தோறும் எழுதிவைக்கப் பழக வேண்டும். கொப்பிக் கடனுக்கு எல்லையும் தவணையும் வகுக்க வேண்டும். இரு சமூகங்களினதும் வர்த்தக சங்கங்கள் ஒன்றுகூடி, வரிப்பதிவு குறித்த விளக்கக் கூட்டங்களைத் தமிழில் நடத்துமாறு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைக் கோர வேண்டும். விவசாயச் சங்கங்களும் ஆலை உரிமையாளரும் விதைப்புக் காலத்திலேயே எழுத்துமூலம் விலை பேசிக்கொள்ள வேண்டும். அவ்வுடன்படிக்கை மீறப்பட்டால் தீர்த்துவைக்க இரு தரப்புப் பெரியோரும் அடங்கிய குழுவொன்று இருத்தல் நலம்.

எழுத்துமூலமான கணக்கு வரித் திணைக்களத்துக்காக மட்டும் அல்ல. பழைய காயங்கள் ஆறாத ஓரிடத்தில் ஒருவரையொருவர் நம்புவதற்கு வாய்ச்சொல்லைவிடப் பதிவேடு உறுதியான துணை. அடுத்த போகத்தின் விதைப்பு தொடங்குமுன் அத்தகைய ஓர் உடன்படிக்கையேனும் வாவியின் இரு கரைகளுக்குமிடையே கைச்சாத்தாகுமாயின், வரும் ஆண்டை நன்றே தொடங்கியவர்களாவோம்.