கால் தொலைத்த அரணை

ஊர்ந்த தடங்கள் – 11

ஓடிக்கொண்டிருந்த நாடா சட்டென்று நின்றது. ஆரணியை அடுத்த சேவூரில், பட்டு நெய்யும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே குழித்தறியில் இருந்த பெரியவர் மிதிக்கட்டையிலிருந்து காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தார். செம்பு மினுமினுப்போடு ஒன்று வளைந்து வளைந்து மூலைக்கு ஒதுங்கியது. நான் போய்க் குனிந்ததும் தடுத்தார்.

“வேணாம் தம்பி, பாம்புராணி. கடிச்சா அவ்ளோதான்.”

செய்யாறு, ஆரணிப் பக்கம் பாம்பரணையைப் பாம்புராணி ஆக்கிவிட்டார்கள். அரணை கடித்தால் மரணம் என்பார்கள். கடிக்க வந்த அரணை வந்த காரியத்தை வழியிலேயே மறந்துவிடும் என்றும் சொல்வார்கள். முதல் பேச்சில் பயந்தவர்கள் தைரியத்துக்கு இரண்டாவதை உண்டாக்கியிருக்க வேண்டும். உண்மையில் இரண்டுமே தேவையில்லை. அரணைக்கு விஷம் கிடையாது. பூச்சி பிடித்துத் தின்று, ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடும் பிராணி அது.

குழியின் மூலையில் இருந்ததைக் கவனித்தேன். உடம்பு நீளம், கால்கள் நாலும் குட்டை. தளர்ந்த மண்ணில் போகும்போது காலை உடம்போடு ஒட்டிக்கொண்டு பாம்பாகவே நெளிந்தது. இந்தக் கால்கள் இல்லாவிட்டால்தான் என்ன என்று தோன்றும். அப்படித் தோன்றிய அரணை ஒன்று இருக்கிறது. இந்த வாரக் கதை அதனுடையது.

1917-இல் அது அறிவியலுக்கு அறிமுகமானபோது, அதன் ஊரும் நம் ஊரும் ஒரே மாகாணத்தில் இருந்தன. சிலிகா ஏரியின் தென்பகுதி அன்றைக்குச் சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டம். 1936 ஏப்ரல் 1 அன்றுதான் அது புதிதாகப் பிறந்த ஒரிசாவுக்குப் போனது. அந்தத் தென்பகுதியில், ரம்பா என்னும் ஊருக்கு அருகே, பார்குடா என்று ஒரு சிறிய பாறைத் தீவு. அங்கே ஓர் ஆலமரத்தின் வேரடியில், பொலபொலத்த மண்ணைக் கிளறியபோது அகப்பட்டது புழுவைப் போன்ற ஓர் உயிர். முன்னங்காலும் இல்லை, பின்னங்காலும் இல்லை.

எடுத்தவர் நெல்சன் அன்னன்டேல். எடின்பரோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1916-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்டான்லி கெம்ப்போடு சேர்ந்து சிலிகாவின் உயிர்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். தண்ணீரை ஆராயப் போனவருக்குத் தரையில் கிடைத்தது இந்தப் பரிசு. பாம்பென்று ஒதுக்கிவிடாமல் செதிலைப் பார்த்தார். பெரும்பாலான பாம்புகளுக்கு வயிற்றில் பட்டை பட்டையாக அகலச் செதில் இருக்கும். அரணைக்கு முதுகிலும் வயிற்றிலும் ஒரே மாதிரி வழவழப்பான செதில்கள். இது அரணைதான். இருக்கிற எந்தப் பேரினத்திலும் அடங்காததால் தீவின் பெயரிலேயே புதுப் பேரினம் கண்டார்: பார்குடியா இன்சுலாரிஸ். இன்சுலாரிஸ் என்றால் லத்தீனில் தீவுக்குரியது.

அந்தச் சின்னத் தீவு அதற்குப் பிறகு அறிஞர்களின் செல்லப்பிள்ளையானது. அதன் சிலந்திகளையும் தேள்களையும் பற்றி 1921-இல் எழுதியவர் எஃப். ஹெச். கிரேவ்லி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்து, தென்னாட்டு உலோகப் படிமங்களுக்கு 1932-இல் அட்டவணை போட்டாரே, அதே கிரேவ்லிதான்.

சரி, கால் எங்கே போனது? மண்ணுக்குள் வாழ்கிறவனுக்குக் கால் ஒரு தடை. ஒவ்வொரு அடிக்கும் நாலு இடத்தில் மண் பிடித்து இழுக்கும். தலையால் முட்டி, உடம்பால் நெளிந்து போவது சுலபம். தலைமுறை தலைமுறையாகக் கால் சிறுத்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகும். பல்லி, அரணை வகையறாவில் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட முறை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நடந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய கேள்வி, காலில்லாத இது தீவுக்கு எப்படிப் போனது? விடைக்குக் கரையோரமாகத் தெற்கே வர வேண்டும். விசாகப்பட்டினத்தில் இதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு பார்குடியா இருக்கிறது. அதே வட்டாரத்து மலைகளில் செப்சோஃபிஸ் என்ற மற்றொரு மண்ணரணையை 1870-இல் பெட்டோம் விவரித்தார். சென்னை மாகாண வனத்துறை அதிகாரி அவர். நூறாண்டுக்கு மேல் கண்ணில் படாமல் இருந்த அது இந்த நூற்றாண்டில் மறுபடி கிடைத்தது. ஆக, இந்தக் கூட்டத்தின் பூர்வீகம் கிழக்குத் தொடர்ச்சி மலையடிவாரம். பார்குடாவும் அந்த மலையின் துண்டுதான். பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது தாழ்ந்த நிலமெல்லாம் மூழ்கியது. குன்றுகளின் தலை மட்டும் தீவாக மிஞ்சியது. அரணை எங்கேயும் போயிருக்க வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் வந்து சூழ்ந்திருக்கும்.

இன்று அது அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில், மிக மோசமான வரிசையில் நிற்கிறது. இதுவரை ஆராய்ச்சியாளர் கைக்கு வந்தவை மிகச் சிலவே. 2013 அக்டோபர் 12 அன்று ஃபைலின் புயல் கரை கடந்தது கோபால்பூர் அருகே. அங்கிருந்து ரம்பா ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். நமக்குப் புயல் வந்தால் மேட்டு நிலம் பார்த்து ஓடலாம். ஆலமரத்து வேரே உலகம் என்று இருப்பதற்கு, மரம் சாய்ந்தால் உலகம் சாய்ந்தது.

சேவூர் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். குழிக்குள் காலை விடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விளக்குமாற்றை எடுத்தார். அடிக்கப் போகிறாரோ என்று பதறினேன். அதை ஏணி மாதிரி குழியில் சாய்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் அரணை அதைப் பிடித்து மேலேறி, கொல்லைப் பக்கம் போனது.

“இதுக்குக் கால் இருக்குது, ஏறிடுச்சு” என்றார். நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.

(அடுத்த வாரம்: தண்ணீர் இல்லாத தீவுகள். செய்யாறு பிறக்கும் ஜவ்வாது மலையை நம் ஊரிலிருந்து பார்த்தால் வெயில் காயும் சமவெளிக்கு நடுவே தனித்து நிற்கும். அப்படித் தனித்து நிற்கும் கொல்லிமலையில், 2019-இல் புதிதாகப் பெயர் பெற்ற ஒரு சின்னப் பல்லி.)