விறைக்கும் விரல்களும் இரத்தம் சொல்லும் சேதியும்

இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். நேரத்தோடு கண்டறியப்பட்டால் இன்று அதனைக் குணப்படுத்த முடிகின்றது. எமது குடியிருப்புக்களிலும் சிகிச்சை முடித்து வாழ்வோடு திரும்பிய தாய்மார் உள்ளனர். எனினும் அவர்களுட் சிலர் வேறொரு குறையைச் சொல்கின்றார்கள். கால் விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன, உள்ளங்காலில் ஊசி குத்துவது போல இருக்கிறது, செருப்புக் கழன்றாலும் தெரிவதில்லை என்கிறார்கள்.

நோய் திரும்பிவிட்டதோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் எவரிடமும் சொல்லாமலே மருந்தை இடையில் நிறுத்திவிடுகின்றனர். இக்குறை ஏன் வருகின்றது, இரத்தப் பரிசோதனையால் அதனை முன்கூட்டியே அறியலாமா, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இங்கு நோக்குவோம்.

மருந்து நரம்பைத் தாக்குவது எவ்வாறு?

மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்றப்படும் மருந்துகளுள் பக்லிடாக்செல் முக்கியமானது. அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பட்டையிலிருந்து இது முதலில் பெறப்பட்டது. 1962இல் பட்டை சேகரிக்கப்பட்டது. 1971இல் மருந்தின் அமைப்பு வெளியிடப்பட்டது. 1994இல் மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுத்த அந்நாடு அனுமதி வழங்கியது. எத்தனையோ பெண்களின் உயிரைக் காத்த மருந்து இது.

ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது தன்னுள்ளே நுண்ணிய குழாய்களை அமைத்து, வேலை முடிந்ததும் அவற்றைக் கலைத்துவிடும். இம்மருந்து அக்குழாய்களைக் கலையவிடாது இறுக்கிப் பிடிக்கின்றது. அதனால் புற்றுநோய்க் கலம் பிரிய முடியாமல் மடிகின்றது. ஆனால் எமது நரம்புகளுக்குள்ளும் அதே குழாய்கள் உண்டு. நரம்புக்கு வேண்டிய உணவும் பொருட்களும் அவற்றின் வழியே தான் செல்கின்றன.

இடுப்பிலிருந்து கால் விரல்வரை செல்லும் நரம்பு ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமானது. குளத்து வாய்க்கால் தூர்ந்தால் முதலில் வாடுவது கடைக்கோடி வயலே. அதுபோல நரம்பின் வழி தடைப்படும்போது முதலில் விறைப்பது கால் விரல்களும் கை விரல்களுமே. இது புற்றுநோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. பல மருந்துகளைப் பற்றிய 31 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான கணக்கின்படி, சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கு இக்குறை இருந்தது. ஆறு மாதங்களின் பின் அது 30ஆகக் குறைந்தது. ஆகவே பெரும்பாலோருக்கு இது தணியும்; சிலருக்கு நீடிக்கும்.

இரத்தத்தில் ஓர் அடையாளம்

நரம்பு இழையின் உள்ளே அதற்கு உறுதி கொடுக்கும் ஒரு புரதம் உண்டு. நியூரோபிலமென்ட் என்பது அதன் பெயர். இழை சேதமடையும்போது இப்புரதம் கசிந்து இரத்தத்தில் கலக்கின்றது. வாய்க்கால் நீர் கலங்கி வந்தால் எங்கோ கட்டு கரைகின்றது என்று கமக்காரர் அறிவதைப் போல, இரத்தத்தில் இப்புரதம் கூடினால் எங்கோ நரம்பு சேதமாகின்றது என்று மருத்துவர் அறியலாம்.

இது இரத்தத்தில் மிகமிகச் சிறிய அளவிலேயே உள்ளது. ஒரு கிராமை இலட்சம் கோடி பங்காகப் பிரித்து, அதில் சில பங்குகள் ஒரு மில்லிலீற்றர் இரத்தநீரில் இருப்பதை அளக்கவேண்டும். அத்தகைய கருவிகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே வந்தன. பக்லிடாக்செல் ஏற்றப்படும் பெண்களில் மருந்து ஏறஏற இப்புரதமும் கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறொரு நரம்பு நோயில் இதன் பயன் இன்னும் முன்னேறியுள்ளது. தசைகளை ஒடுக்கும் ஒரு கொடிய பரம்பரை நோய்க்கான மருந்துக்கு அமெரிக்கா 2023இல் அனுமதி கொடுத்தபோது, இப்புரதம் இரத்தத்தில் குறைந்ததையே சான்றாகக் கொண்டது.

ஆயினும் கலங்கல் நீர் எந்தக் கட்டு கரைகிறதென்று சொல்லாது. மழையாலும் நீர் கலங்கும். மாடு இறங்கினாலும் கலங்கும். அதுபோல முதுமை, நீரிழிவு, சிறுநீரக நோய், தலையில் அடிபடுதல் என்பவற்றாலும் இப்புரதம் கூடும். எந்த அளவுக்கு மேற்போனால் மருந்தைக் குறைக்கவேண்டும் என்ற எல்லையும் இன்னும் வகுக்கப்படவில்லை. எனவே புற்றுநோய் மருந்தின் பக்கவிளைவுக்கு இது இன்னமும் ஆய்வாளரின் கருவியே. இதற்காக நகையை அடகுவைத்துத் தனியார் பரிசோதனைக்கூடம் தேடிச் செல்லவேண்டியதில்லை.

இன்று பயன்தரும் பரிசோதனைகள்

கால் விறைப்பவர் சாதாரண இரத்தப் பரிசோதனைகள் இரண்டைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். ஒன்று சீனியின் அளவு. மற்றது விற்றமின் பி12. நீரிழிவும் பி12 குறைவும் இதே விறைப்பை உண்டாக்குவன. மருந்தின் பாதிப்பை மோசமாக்குவன. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

குறைபாடு உண்டென்று தெரியாமல் நரம்புக்குச் சத்து என்று விற்கப்படுபவற்றை வாங்கி விழுங்கவேண்டாம். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 409 பெண்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்றில், நரம்பைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்த ஒரு சத்து மாத்திரை விறைப்பைக் குறைக்கவில்லை. 24 வாரங்களில் அதனைக் கூட்டியிருந்தது. வலியோடு கூடிய விறைப்புக்கு டுலோக்ஸெடின் என்னும் மருந்து ஓரளவு உதவும். அதனை மருத்துவரே தரவேண்டும்.

சிறந்த அடையாளம் உங்கள் வாய்ச்சொல்

எந்தக் கருவிக்கும் முன்னதாக விறைப்பை அறிபவர் நோயாளியே. அவர் சொல்லாவிட்டால் மருத்துவர் அறியார். எமது தாய்மார் வருத்தத்தை வெளியே சொல்லத் தயங்குபவர்கள். தூர இடத்து வைத்தியசாலையில் மொழியும் தடையாகின்றது. ஆகவே ஒவ்வொரு தடவையும் மருந்து ஏற்றுவதற்கு முன்னர், வீட்டிலுள்ள ஒருவர் இவற்றைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொடுக்கட்டும்:

1. விரல்கள் விறைக்கின்றனவா? எதுவரை ஏறியுள்ளது?
2. சட்டைப் பொத்தான் பூட்ட, அரிசியில் கல் பொறுக்க முடிகின்றதா?
3. நடக்கும்போது தடுமாறுகின்றதா?
4. வலியோ எரிவோ நித்திரையைக் குழப்புகின்றதா?
5. மறதியும் கவனக்குறைவும் முன்னரிலும் கூடியுள்ளனவா?

இதைப் பார்த்து மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கலாம், சில நாட்கள் பிந்திக் கொடுக்கலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். ஆனால் நாமாக நிறுத்தினால் புற்றுநோய் மீண்டும் வளர இடம் கொடுத்தவர்களாவோம். நற்செய்தியில் வரும் பன்னிரண்டு ஆண்டு நோயுற்றிருந்த பெண் நடுங்கியபடியேனும் இயேசுவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாள். சொல்வது வெட்கமல்ல.

வீட்டிலும் வயலிலும்

உணர்ச்சியற்ற காலில் முள்ளேறினாலும் தெரியாது. மருந்து ஏற்றும் காலத்தில் நோயை எதிர்க்கும் வெண்கலங்களும் குறைந்திருப்பதால் சிறு காயமும் பெரிதாகலாம். காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சலும் தொற்றலாம். ஆகவே சிகிச்சைக் காலத்தில் வயலில் இறங்குவதைத் தவிர்த்தல் நன்று. முற்றத்திலும் செருப்பணியுங்கள். ஒவ்வொரு மாலையும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கச் செய்யுங்கள். வெந்நீரின் சூட்டை விறைத்த கையால் அல்ல, முழங்கையால் பாருங்கள். சுடுபானையை மற்றவர் இறக்கட்டும். இரவில் வெளியே போவதானால் விளக்கும் துணையும் வேண்டும்.

இடம் மாறி வாழும் எமக்கு இன்னுமொன்று முக்கியம். எந்த மருந்து, எத்தனை தடவை ஏற்றப்பட்டது என்பது கிளினிக் கொப்பியிலேயே உள்ளது. அதனை அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் பத்திரப்படுத்துங்கள். வேறிடம் செல்லும்போது புதிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நாளை ஒரு துளி இரத்தம் இவற்றையெல்லாம் முன்கூட்டியே சொல்லக்கூடும். அதுவரை கணவரும் பிள்ளைகளும் அயலவரும் அத்தாயிடம் கேட்கவேண்டும்; கேட்டதை எழுதவேண்டும்; எழுதியதை மருத்துவரின் கையில் சேர்க்கவேண்டும். இது செலவில்லாத பணி. ஒவ்வொரு குடும்பமும் இன்றே தொடங்கக்கூடிய பணி.