தொடர் குளுக்கோசு கண்காணிப்பு

தொடர் குளுக்கோசு கண்காணிப்பு என்பது நீரிழிவு நோயாளரின் குளுக்கோசு அளவை இரவும் பகலும் அளந்தறியும் முறையாகும். தோலின் கீழ் பொருத்தப்படும் மெல்லிய உணரி, உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீர்மத்தில் குளுக்கோசை அளக்கிறது. இவ்வளவு சில நிமிடங்களுக்கு ஒருமுறை செல்லிடத் தொலைபேசிக்கோ தனிக் கருவிக்கோ அனுப்பப்படுகிறது.

விரல் நுனியில் குத்திச் செய்யும் சோதனை அந்நேரத்து அளவை மட்டுமே காட்டும். இம்முறை அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதையும் காட்டும். இன்சுலின் எடுத்துக்கொள்பவருக்கு உறக்கத்தில் குளுக்கோசு மிகக் குறைந்தால் வலிப்போ நினைவிழப்போ ஏற்படலாம். அளவு குறையும்போதே கருவி ஒலியெழுப்பி எச்சரிக்கும்.

குருதியில் ஏற்படும் மாற்றம் இந்நீர்மத்தில் சில நிமிடங்கள் பிந்தியே தெரியும். எனவே, காட்டப்படும் அளவும் நோயாளர் உணரும் அறிகுறிகளும் பொருந்தாதபோது விரல் நுனிச் சோதனை தேவைப்படும்.

1999 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதற் கருவியின் பதிவுகளை மருத்துவர் பின்னரே காண முடிந்தது. உணரியின் அளவைக் கொண்டு இன்சுலின் அளவைத் தானே மாற்றியமைக்கும் கருவி 2016 இல் அங்கு ஒப்புதல் பெற்றது.