பார்வைக்கு அழகு, பயணத்துக்குச் சுகம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் வீதிப் பக்கம் போனவர்கள் அங்குள்ள ஒரு சுவரைப் பார்த்திருப்பீர்கள். லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ஆம் ஆண்டில் தீட்டிய படம் அது. அக்காள் சைக்கிள் ஓட்டுகிறாள். தம்பி பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் இருவரும் சாயத்தில் உள்ளவர்கள். சைக்கிள் மட்டும் சுவரோடு சேர்த்துப் பொருத்திய நிஜச் சைக்கிள். அதற்குப் பிரேக் வேண்டாம், காற்று வேண்டாம், அழகு ஒன்றே போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் சைக்கிளுக்கு அது போதுமா?

இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் உண்டு. பழைய காலத்துச் சைக்கிளின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த புதுச் சைக்கிள்கள் இப்போது கடைகளில் வருகின்றன. வளைந்த ஹேண்டில், பழுப்பு நிற சீட்டு, முன்னால் ஒரு கூடை. பார்க்க லட்சணமாக இருக்கும். சிலது நன்றாகவும் ஓடும். சிலதில் ஒரு மைல் போவதற்குள் இடுப்பு நோகும்.

நம் தாத்தாமார் ஓட்டிய கறுப்புச் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். ராலே, ஹெர்குலிஸ் என்று பெயர் தாங்கி இங்கிலாந்திலிருந்து வந்தவை. எடை ஏறத்தாழ 18 முதல் 20 கிலோ. அதன் அழகு யாரோ அலங்காரத்துக்காகச் சேர்த்தது அன்று. மட்கார்டு சேறு தெறிக்காமல் இருக்க வந்தது. செயினை முழுக்க மூடும் கவர், கைலியும் சேலையும் சிக்காமல் இருக்க வந்தது. 28 அங்குலச் சக்கரம் குழியில் இறங்காமல் உருண்டு போக வந்தது. சின்னச் சக்கரம் விழுகிற பள்ளத்தைப் பெரிய சக்கரம் தாண்டிவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் இதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கைக் கொஞ்சம் கவனியுங்கள். கீழே வரவர அது முன்பக்கமாக வளைந்திருக்கும். சைக்கிளின் மொத்த அழகும் அந்த வளைவில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு வேலை உண்டு. ஹேண்டில் திரும்பும் குழாயை ஒரு நேர்கோடாக நினைத்துத் தரைவரை நீட்டுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் விழ வேண்டும். அந்தச் சிறு தூரம்தான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. தூரம் மிகக் குறைந்தால் ஹேண்டில் நிலைகொள்ளாமல் ஆடும். மிக அதிகமானால் மெதுவாகப் போகும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். பழைய சைக்கிளில் அந்தக் குழாய் 67, 68 பாகை அளவில் நன்றாகச் சாய்ந்திருக்கும். பந்தயச் சைக்கிளில் 73 பாகை வரை நிமிர்ந்திருக்கும். சாய்வு அதிகமானதால் போர்க்கின் வளைவும் அதிகமாக வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியவை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் காப்பியடித்தால் வண்டி படத்தில்தான் நன்றாக இருக்கும். போர்க்கைச் சூடு காட்டி வளைத்து ‘ஸ்டைல்’ செய்வது வெறும் தவறு மட்டுமல்ல, ஆபத்து.

சீட்டும் அப்படித்தான். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் சீட்டின் மீது இறங்குகிறது. அதனால்தான் பழைய சீட்டு அகலமானது, கீழே ஸ்பிரிங் வைத்தது. குனிந்து ஓட்டுகிற வண்டியில் பாரத்தின் ஒரு பங்கைக் கை ஏற்கிறது. அங்கே ஒடுங்கிய சீட்டு போதும். ஒடுங்கிய சீட்டையும் உயர்ந்த ஹேண்டிலையும் சேர்த்துப் போட்டால் கஷ்டம் நமக்குத்தான்.

ஸ்பிரிங்கையும் போர்க்கையும் விடச் சுகம் தருவது டயருக்குள் இருக்கும் காற்று. அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் 1887-இல் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்று டயர் செய்தார். அதன் பிறகு சைக்கிளுக்கும், பின்னர் மோட்டார் காருக்கும் ரப்பர் தேவை பெருகியது. மலாயாவில் காடு வெட்டி ரப்பர் நட்டார்கள். மரம் வெட்டி பால் எடுக்க நம் பெரியவர்கள் கப்பலேறி வந்தார்கள். ஆக, சைக்கிள் டயருக்கும் நமக்கும் உறவு கொஞ்சம் பழையது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் சைக்கிளில் தெற்கே இறங்கியபோது, டயர் கிழிந்தவர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். அந்த இரைச்சலைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்ப்படை மிரண்டதாகப் போர்க்கால நூல்கள் கூறும். காற்றில்லாத சைக்கிள் எப்படி ஓடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையா? டயரில் காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள். பின் சக்கரத்துக்குப் பாரம் அதிகம், அதில் காற்றும் கூட இருக்கட்டும். முன் சக்கரம் சற்றே இளக்கமாக இருந்தால் மணிக்கட்டு நோகாது.

பழைய சைக்கிளில் எல்லாமே உத்தமம் என்று சொல்ல மாட்டேன். கம்பி பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே பளபளவென்று ஓடும் கம்பிகள், பார்க்க எவ்வளவு நேர்த்தி! ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அது பிடிக்கும். கட்டை ரிம்மின் உட்புறத்தைத் தொடுவதே காரணம். ஆனால் குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர்க் கட்டை வழுக்கும். காய்ந்த நாளில் நிற்கிற தூரத்தில் மழை நாளில் வண்டி நிற்காது. பினாங்கு மழையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளை ஓட்டுகிற சைக்கிளுக்கு அலுமினிய ரிம்மே நல்லது. தோற்றத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இரும்பு ரிம்தான் இருக்கிறதென்றால், சந்தி வருவதற்கு முன்பே பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு நீரை வழித்துவிட்டுப் பிறகு அழுத்தப் பிள்ளைக்குப் பழக்குங்கள்.

பினாங்கு டிரைஷாவையும் சொல்ல வேண்டும். மலாயில் பேச்சா என்பார்கள். மலாக்காவில் பயணி ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருவார். பினாங்கில் முன்னால் உட்காருகிறார், ஓட்டுநர் பின்னாலிருந்து மிதிக்கிறார். பயணிக்கு வீதி முழுக்கத் தெரியும். ஓட்டுநருக்கோ, திருப்பும்போது பயணியின் பாரத்தையும் சேர்த்தே திருப்ப வேண்டும். குடை, பிளாஸ்டிக் பூ, விளக்கு என்று முன்னால் ஏற்றுகிற ஒவ்வொன்றும் அவர் கையில்தான் கனக்கிறது. மூன்று சக்கர வண்டி திருப்பத்தில் சைக்கிளைப் போல் உள்பக்கம் சாயாது. வேகத்தைக் குறைக்காவிட்டால் கவிழப் பார்க்கும்.

பால் மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு படிக்காமலே தெரிந்திருந்தது. பால் வாளிகளைக் கேரியரின் இரு பக்கமும் சமமாக, தாழ்வாகத் தொங்கவிட்டார்கள். இன்று அந்த வேலையை மோட்டார் சைக்கிள் செய்கிறது என்றாலும், பிள்ளையின் புத்தகப் பைக்கும் அதே முறைதான். பையை முன் கூடையில் திணித்தால் ஹேண்டில் இழுக்கும். பின் கேரியரில் இறுக்கிக் கட்டுங்கள். கடையில் சைக்கிள் பார்க்கும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். ஏறி உட்கார்ந்து கால் தரையில் எட்டுகிறதா, விரல் பிரேக்கை எட்டுகிறதா என்று பார்த்து, வாசலில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். நிறத்தை அதற்குப் பிறகு அவனோ அவளோ தேர்ந்தெடுக்கட்டும்.