நெய்யாமல், தைத்தே உருவாகும் துணி

துணி என்றதும் தறிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், தறியே இல்லாமல், தைத்தே துணி உண்டாக்கும் முறையும் இருக்கிறது. தரை துடைக்கும் துணி, காலணியின் உள்துணி, மெத்தைத் துணி எனப் பலவும் இம்முறையில் தயாராகின்றன.

இம்முறையைப் பரவச் செய்தவர் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தைச் சேர்ந்த ஹைன்ரிக் மவர்ஸ்பெர்கர். அவருடைய மனைவி நைந்த துணியின் மீது நெருக்கமாகத் தையலிட்டுச் சரிசெய்வதை அவர் பார்த்தாராம். பழைய நூல் இற்றுப்போனாலும், புதிய தையலே துணியைத் தாங்கிப் பிடித்தது. அப்படியென்றால் நூல்களை நெய்யாமலேயே தைத்து இணைக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1949-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 'மாலிமோ' எனப் பெயர் பெற்ற அந்தத் துணி, கிழக்கு ஜெர்மனியின் வீடுகளில் துண்டாகவும் துடைக்கும் துணியாகவும் புழங்கியது.

நெசவில் பாவு நூலுக்கு மேலும் கீழுமாக ஊடை நூல் புகுந்து செல்லும். மாலிமோவில் அப்படியில்லை. பாவும் ஊடையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வரிசையாக நிற்கும் கொக்கி ஊசிகள் அவற்றைத் துளைத்து, மூன்றாவது நூலைப் பற்றி இழுத்து, சங்கிலித் தையல் போலக் கண்ணி கண்ணியாகக் கோக்கும்.

இதன் அடுத்த வகை 'மாலிவாட்'. இதில் பாவும் ஊடையும்கூட வேண்டாம். பஞ்சு போல் பரப்பிய இழை விரிப்பையே தைத்துவிடுவார்கள். 'மாலிஃப்லீஸ்' வகையிலோ தையல் நூலும் கிடையாது. விரிப்பிலுள்ள இழைகளையே ஊசி இழுத்துக் கண்ணியாக்கும்.

நூல் நூற்கும் வேலையும் நெய்யும் வேலையும் குறைவதால், துணி வேகமாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. பழைய துணியைப் பிரித்தெடுத்த கழிவு இழைக்கும் பயன் உண்டு. குறையும் இருக்கிறது: சில வகைகளில் ஒரு தையல் அறுந்தால், அந்த வரிசை முழுவதும் பிரிந்து வரக்கூடும்.

காற்றாலை இறக்கைகளுக்கான கண்ணாடி இழை அடுக்குகளும் இன்று இப்படித்தான் தைக்கப்படுகின்றன. நெய்தால் இழை வளைந்து நெளியும். தைத்தால் நேராகவே கிடக்கும், வலிமையும் குறையாது.

வீட்டிலுள்ள துடைக்கும் துணியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். இழைப் பரப்பின் மேல் நேர்க்கோடுகளாகத் தையல் ஓடினால், அது தறியைக் காணாத துணி. அதற்கு வழிகாட்டியது, கிழிந்ததைத் தூக்கி எறிய மனமில்லாத ஒரு பெண்ணின் கைத்தையல்.