வீட்டுச் சாவிக்கு முன்னால் கார் சாவி... தெரியுமா?

வாடகையில் பெரும் பங்கை அரசாங்கமே கட்டுகிறது. நல்ல பகுதியாகப் பார்த்துக் குடிபோ என்கிறது. மறுநாளே மூட்டை கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! அமெரிக்காவில் ஒரு பரிசோதனையில் இப்படி வாடகை வவுச்சர் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தவே இல்லை.

1994-ல் தொடங்கிய 'மூவிங் டு ஆப்பர்ச்சூனிட்டி' என்ற பரிசோதனை அது. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் என ஐந்து நகரங்களில் சுமார் 4,600 ஏழைக் குடும்பங்கள். குலுக்கலில் ஒரு பிரிவினருக்கு விசேஷ வவுச்சர் கிடைத்தது. வறுமை 10 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில் மட்டுமே அது செல்லுபடியானது. வீடு தேடக் கெடுவும் இருந்தது.

கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு வரச் சொல்கிறார். வேலை முடிந்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் காரில் வந்தவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்!

2014-ல் அமெரிக்க ஆய்வு நிறுவனமான அர்பன் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். வவுச்சர் பெற்றவர்களில் கார் உள்ளவர்களே அதிகமாக நல்ல பகுதிகளில் குடியேறி, அங்கேயே நிலைத்தும் இருந்தார்கள். அந்தப் பரிசோதனைக் குடும்பங்களில் கார் இருந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. கிடைத்த வேலையில் நீடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு! எல்லாம் காரின் மகிமை என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். கெட்டிக்காரர் காரும் வாங்கியிருப்பார், வேலையும் தேடியிருப்பார். இருந்தாலும் நான்கு மடங்கு என்றால் சும்மாவா?

பஸ் என்னவாயிற்று என்கிறீர்களா? 2011-ல் புரூக்கிங்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தது. அமெரிக்கப் பெருநகரவாசி ஒருவர் பொதுப் போக்குவரத்தில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தாலும், சராசரியாக அந்த வட்டாரத்து வேலைகளில் 30 சதவீதத்தைத்தான் எட்ட முடியும்!

இன்னொரு கூத்து. 1980-களில் ஏழைக் குடும்பங்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகையில் ஒரு விதி: கடன் போக உங்கள் காரின் மதிப்பு 1,500 டாலரைத் தாண்டினால் உதவிக்கே ஆபத்து. அந்த விலைக்கு எப்படிப்பட்ட கார் கிடைக்கும்? வேலைக்குப் போ என்பார்களாம், போய்ச்சேரும் வண்டி மட்டும் வைத்திருக்கக் கூடாதாம்! சரி, தவணையிலாவது வாங்கலாம் என்றால், பழைய கார்களைத் தவணைக்கு விற்கும் சிலர் வண்டிக்குள் ஒரு கருவியையே பொருத்திவிடுகிறார்கள். தவணை தவறியதா? காலையில் சாவியைத் திருகினால் இன்ஜின் உறுமாது.

இத்தனைக்கும் இடம் மாறியதில் பலன் இல்லாமல் இல்லை. 13 வயதுக்குள் நல்ல பகுதிக்குக் குடிபோன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் வவுச்சர் கிடைக்காத குடும்பத்துப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்ததாகப் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவினர் கண்டறிந்தார்கள். அத்தனை பெரிய பலன்!

வவுச்சர் வாடகைக்கு உதவும். மின்சாரம், தண்ணீர்ச் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பெட்ரோலுக்கு? ஒரு சென்ட்கூடக் கிடையாது!